ஒயினும் உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயினை உணவோடு சேர்த்துச் சுவைக்க ஆர்வம் கொள்பவர்கள் முதலில் தடுமாறுவது பட்டியல்களில்தான். இதற்கு இது, அதற்கு அது என்று நீளும் அந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்வது கடினம். அதற்குத் தேவையும் இல்லை. காரணம் புரிந்துவிட்டால் பட்டியலை நாமே எழுதிக்கொள்ளலாம். அந்தக் காரணங்களைச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

இறைச்சிக்குச் சிவப்பு ஒயின், மீனுக்கு வெள்ளை ஒயின் என்ற விதி இன்றும் செல்லுமா?

பாதி செல்லும். அதற்குப் பின்னால் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த விதி தட்டில் இருக்கும் இறைச்சியின் நிறத்தை மட்டுமே பார்க்கிறது. நாக்கு முதலில் சந்திப்பது இறைச்சியின் மேல் படர்ந்திருக்கும் குழம்பை. ஒரே கோழித் துண்டை வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்தால் அதற்குப் பொருந்துவது ஒன்று. தக்காளியில் வேகவைத்தால் வேறொன்று. காளானும் பாலேடும் சேர்த்தால் இன்னொன்று. கோழிக்கு எந்த ஒயின் என்று யாராவது கேட்டால், எப்படிச் சமைத்த கோழி என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஓர் உண்மையிலிருந்து. உணவு ஒயினை மாற்றும் அளவுக்கு ஒயின் உணவை மாற்றுவதில்லை. நன்றாகச் சமைத்த உணவு, பொருந்தாத ஒயினோடு சேர்ந்தாலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒயின்தான் அடிவாங்கும். அதனால் இந்த உணவுக்குப் பின் அந்த ஒயின் நாக்கில் எப்படி மாறும் என்பதையே ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதை நானே சொல்லி நீங்கள் நம்புவதைவிட, ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒரு கோப்பை. தட்டில் ஓர் எலுமிச்சைத் துண்டு, சிறிது உப்பு, சிறிது சர்க்கரை. முதலில் ஒயினை மட்டும் சுவைத்து அதன் புளிப்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு எலுமிச்சையை நக்கிவிட்டு அதே ஒயினைக் குடியுங்கள். புளிப்பு தணிந்து பழச்சுவை மேலே வரும். உப்புக்குப் பின் குடித்தால் ஒயின் வழவழப்பாகவும் மென்மையாகவும் தோன்றும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, கடைசியாகச் சர்க்கரையைச் சுவைத்துக் குடித்துப் பாருங்கள். சற்று முன் இனிமையாக இருந்த அதே ஒயின் மெலிந்து, புளித்து, கசந்து போயிருக்கும்.

பாட்டிலில் எதுவும் மாறவில்லை. மாறியது நாக்கு. புளிப்பும் உப்பும் ஒயினுக்கு நண்பர்கள்; இனிப்பு அதற்குச் சோதனை. இந்த ஐந்து நிமிடச் சோதனை எனக்குக் கற்றுத் தந்த அளவுக்கு எந்தப் பட்டியலும் கற்றுத் தந்ததில்லை.

டானின் என்கிறார்களே, அது என்ன?

துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே அதற்குப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது என்பதால் நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. நெடுநேரம் ஊறிப்போன தேநீரைக் குடிக்கும்போது ஈறும் நாவும் வறண்டு இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றில் இருக்கும் டானின்தான் ஒயினில் அந்த உணர்வைத் தருகிறது. ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் சேரும். சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிப்பதால் அதில் துவர்ப்பு அதிகம். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை முன்பே நீக்கிவிடுவதால் மிகக் குறைவு.

டானின் உமிழ்நீரில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. வழுவழுப்புத் தரும் அந்தப் புரதங்கள் திரண்டு விலகியதும் வாய் வறள்கிறது. கொழுப்பும் புரதமும் உப்பும் உள்ள இறைச்சியை மென்ற பிறகு குடித்தால் டானினின் பிடி தளர்ந்துவிடும். கபர்னே சோவினியோன், நெபியோலோ, மால்பெக் போன்ற துவர்ப்பான ஒயின்கள் சுட்ட மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியோடு பேர் பெற்றது இதனால்தான். அதே ஒயினை உப்பில்லாமல் வேகவைத்த காய்கறியோடு குடித்தால் வாய் வறண்டுபோகும். இங்கே உப்பின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒயின் கரடுமுரடாக இருக்கிறதே என்று தோன்றினால், பாட்டிலைக் குறை சொல்லும் முன் தட்டில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள்.

மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் உலோகச் சுவையும் கவிச்சியும் ஏன் வருகிறது?

காரணம் டானின் என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2009இல் ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் வேறு விடை தந்தார்கள். 38 சிவப்பு ஒயின்களையும் 26 வெள்ளை ஒயின்களையும் ஸ்காலப் என்ற கடற்சிப்பியோடு சேர்த்துச் சுவைக்கச் செய்தபோது, ஒயினில் இருக்கும் இரும்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குக் கவிச்சியும் கூடியது. லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் அது பலமாகவே தெரிந்தது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளை ஒயினில் கலந்ததும் கவிச்சி குறைந்தது. மீனில் இருக்கும் கொழுப்பு இரும்போடு சேர்ந்து சட்டெனச் சிதைவதால் எழும் மணம் அது.

இதை நான் மிகவும் மதிக்கிறேன். நெடுநாள் நம்பிக்கை ஒன்றைத் தூக்கி எறியாமல், அதற்குள் எது உண்மை என்று பிரித்துக் காட்டிய ஆய்வு இது. குற்றவாளி இரும்பு, நிறத்தின் மேல் பழி இல்லை.

இரும்பின் அளவு லேபிளில் இருக்காது. ஆகவே அனுபவத்தைத்தான் நம்ப வேண்டும். சாளை, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன்களுக்கும் சிப்பிகளுக்கும் சிவப்பைத் தவிர்ப்பது பாதுகாப்பு. நெருப்பில் வாட்டிய சால்மன், சூரை மீன்களுக்குத் துவர்ப்புக் குறைந்த பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினை லேசாகக் குளிர்வித்துத் தரலாம்; அது பெரும்பாலும் அழகாக இணையும். சமைக்காமல் உண்ணும் சிப்பிக்கு மஸ்கதே, ஷாப்லி என்ற இரண்டு பிரெஞ்சு வெள்ளை ஒயின்களையும் விஞ்ச எனக்கு வேறொன்று தெரியாது.

காரமான உணவுக்கு எது பொருந்தும்?

பலமான சிவப்பு ஒயின் காரத்தைத் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு.

மிளகாயின் எரிச்சல் நாக்கு அறியும் சுவை வகைகளில் சேராது. வெப்பத்தை உணரும் ஏற்பியைத்தான் கேப்சைசின் தூண்டுகிறது. அந்த ஏற்பி வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் அளவில்தான் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் உடல் வெப்பமே 37 டிகிரி. அதாவது ஏற்கெனவே எரியும் வாயில் 14.5 சதவீத ஆல்கஹாலை ஊற்றினால் எரிச்சலுக்கு இன்னும் விறகு போட்டதாகும். அதோடு டானினும் சேர்ந்தால் கசப்பும் கூடும்.

ஆகவே காரத்துக்கு மூன்று குணங்கள் வேண்டும்: குறைந்த ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, நல்ல குளிர்ச்சி. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் ஒயின் ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை வகை. கபினெட் என்று லேபிளில் போட்ட இனிப்பு வகையில் ஆல்கஹால் 8, 9 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இனிப்புக்கு ஈடான புளிப்பும் இருப்பதால் திகட்டாது. ட்ரோக்கன் என்று போட்டிருந்தால் அது இனிப்பில்லாத வகை, கவனியுங்கள். கெவுர்ட்ஸ்டிராமினர் என்ற வெள்ளை ஒயினைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதன் ரோஜா மணம் இஞ்சி, ஏலம், பட்டை சேர்ந்த உணவோடு அருமையாகச் சேரும். ஆனால் ஆல்கஹால் பெரும்பாலும் 13 சதவீதத்தைத் தாண்டும். மிளகாய் அதிகம் என்றால் நான் அதை எடுக்க மாட்டேன். நுரைக்கும் ஒயினின் குமிழிகளும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும்.

சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்குப் பொஜொலே. கமே திராட்சையில் செய்வது. துவர்ப்பு குறைவு, பழச்சுவை அதிகம், 13 டிகிரிக்குக் குளிர்வித்தால் இன்னும் நன்று.

மசாலா வேறு, காரம் வேறு என்கிறீர்களா?

ஆம், இந்த வேறுபாடு முக்கியம். மிளகாய் எரிக்கிறது, ஏலமும் கிராம்பும் மணக்கின்றன. மணம் ஒயினுக்குப் பகையில்லை, பாலம் என்றே சொல்லலாம். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிரா என்ற சிவப்பு ஒயினின் மிளகு வாசத்துக்குக் காரணமான பொருளைக் கண்டறிந்தார்கள். ரோட்டண்டோன் என்பது அதன் பெயர். அதே பொருள்தான் உண்மையான கருமிளகிலும் இருக்கிறது. மிளகு தூவி வாட்டிய இறைச்சியோடு சிரா இணைவதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசமே தெரியாது என்பதும் அப்போது தெரியவந்தது. உங்கள் நண்பர் "மிளகா, எங்கே?" என்று கேட்டால் அவர் மூக்கை நம்புங்கள், அவர் பொய் சொல்லவில்லை.

இனிப்புப் பண்டங்களோடு என்ன தருவது?

சர்க்கரைச் சோதனையை நினைவில் வைத்தால் விடை தானே வரும்: ஒயின் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். விருந்தின் முடிவில் கேக்கோடு இனிப்பில்லாத ஷாம்பேன் தருவது உலகெங்கும் நடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஷாம்பேனுக்காக வருத்தமாக இருக்கும். அதை விருந்தின் தொடக்கத்தில் உப்பான கொறிப்புகளோடு தந்திருந்தால் எல்லோரும் அதைக் கொண்டாடியிருப்பார்கள்.

ஷாம்பேன் லேபிளில் புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரை என்றால் 12 முதல் 17 வரை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது புரூட்டைவிட இனிப்பு. டெமி செக் 32 முதல் 50 வரை. பழம் சேர்த்த இனிப்புகளோடு இந்தக் கடைசி வகை நன்றாக இருக்கும்.

சாக்லேட்டுக்குப் போர்ட், தெற்கு பிரான்சின் பன்யூல்ஸ் போன்ற, வடித்த மது சேர்த்து வலுவூட்டிய இனிப்பு ஒயின்கள். சாக்லேட் வாயில் பூசிவிடும் கொழுப்புப் படலத்தையும் கசப்பையும் தாண்டி வரும் வலிமை அவற்றுக்கு உண்டு. சாக்லேட்டோடு இனிப்பில்லாத கபர்னே என்ற இணையை எவ்வளவோ பேர் புகழ்ந்துவிட்டார்கள். கசப்பின் மேல் கசப்பு என்பதைத் தவிர எனக்கு அதில் எதுவும் கிடைத்ததில்லை.

சீஸுக்குச் சிவப்புதானே?

பழக்கம் அப்படி, ஆனால் பெரும்பாலான சீஸுக்கு வெள்ளை ஒயினே மேல். மென்மையான சீஸின் பாலேட்டுச் சுவை டானினோடு மோதிக் கசப்பையும் உலோகச் சுவையையும் எழுப்பிவிடும். ஆட்டுப்பால் சீஸின் புளிப்புக்குச் சமமான புளிப்பு சோவினியோன் பிளாங்கில் இருக்கிறது. பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கம் ஷவின்யோல் என்ற சிற்றூரில் இரண்டையுமே செய்கிறார்கள்: சோவினியோன் பிளாங்க் திராட்சையில் செய்யும் சான்சேர் ஒயினும், உருண்டையான ஆட்டுப்பால் சீஸும். சிவப்புதான் வேண்டுமென்றால் நன்கு முதிர்ந்த கடினமான சீஸை எடுங்கள்.

நீலப் பூசணம் படர்ந்த சீஸைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிரான்சின் ரோக்ஃபோர் சீஸோடு சோதெர்ன் என்ற இனிப்பு ஒயின். இங்கிலாந்தின் ஸ்டில்டனோடு போர்ட். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கி நிறுத்தும் இணைகள் இவை. சோதெர்ன் செய்வதற்கான திராட்சையே போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணம் தாக்கி, நீர் வற்றி, கொடியிலேயே சுருங்கியது. பூஞ்சணம் தொட்ட பாலும் பூஞ்சணம் தொட்ட பழமும் ஒரே தட்டில் சந்திக்கின்றன. ஒயினும் உணவும் சேர்வதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவருக்கு, முதலில் இந்த ஒன்றைத்தான் கொடுத்துப் பார்ப்பேன்.

காய்கறி உணவு மட்டும் உண்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

எல்லாமே இருக்கிறது. வாயில் உணரும் கனம், புளிப்பு, உப்பு, கொழுப்பு என்ற கணக்கில் இறைச்சி கட்டாயம் இல்லை. தக்காளியின் புளிப்புக்கு இணையான புளிப்பு உள்ள ஒயின் வேண்டும். இத்தாலியின் கியாந்திப் பகுதியில் விளையும் சாஞ்ஜோவேசே அதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். குடமிளகாய், பச்சைப் பட்டாணி, மூலிகைத் தழைகளுக்குச் சோவினியோன் பிளாங்க். அதன் பச்சை வாசத்துக்குக் காரணமான மெத்தாக்சிபைரசீன் குடமிளகாயிலும் இருக்கிறது. நெருப்பில் கருகும்வரை வாட்டிய கத்தரிக்காய்க்குத் துவர்ப்பு மிதமான சிவப்பு ஒயினைத் தாராளமாகத் தரலாம். வாட்டும்போது வரும் லேசான கசப்பே அதற்கு வழிவிடும்.

காளானில் கொஞ்சம் எச்சரிக்கை. காளான், சோயா, முதிர்ந்த சீஸ் ஆகியவற்றில் இருக்கும் உமாமி என்ற, இறைச்சிச் சாறு போன்ற சுவை ஒயினின் கசப்பையும் துவர்ப்பையும் கூட்டும். உப்பும் புளிப்பும் சேர்த்தால் சமன்படும். முதிர்ந்த பினோ நுவார் காளானோடு ஒத்துப்போவதற்கு, காலத்தில் அதன் துவர்ப்பு தணிந்து மண்வாசம் எழுந்திருப்பதே காரணம்.

ஆர்ட்டிசோக் மட்டும் பிடிவாதக்காரக் காய். அதைத் தின்றபின் வெறும் தண்ணீரும் பலருக்கு இனிக்கிறது என்று 1972இல் ஓர் ஆய்வு காட்டியது. சினாரின் என்ற பொருள் அதற்கு ஒரு காரணம். தண்ணீருக்கே அந்த நிலை என்றால் ஒயினுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலுமிச்சை தாராளமாகச் சேர்த்து, நன்கு புளிக்கும் வெள்ளை ஒயினோடு முயலுங்கள்.

இன்னொன்றையும் சைவ உணவாளர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒயினைத் தெளிவிக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. வண்டலோடு சேர்த்து அவற்றை அகற்றிவிடுவார்கள் என்றாலும் இது மனச்சாட்சி சார்ந்த விஷயம். பெண்டோனைட் என்ற களிமண்ணால் தெளிவித்தவையும், தெளிவிக்காமலே விட்டவையும் கிடைக்கின்றன. வீகன் என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பொரித்த உணவுக்கு?

நுரைக்கும் ஒயின். எண்ணெயை அதன் புளிப்பு வெட்டும், உணவின் உப்பு ஒயினை மென்மையாக்கும். ஸ்பெயினின் கவா, ஷாம்பேன், எதுவானாலும் சரி. ஃபினோ ஷெர்ரி என்ற இனிப்பில்லாத ஸ்பானிய ஒயினை நன்றாகக் குளிர்வித்துத் தந்தாலும் இதே சுகம். பாதாமும் ஆலிவும் கூட இருந்தால் இன்னும் நன்று.

சமையலில் ஒயின் ஊற்றினால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும்தானே?

இல்லை. மது அருந்தாதவர்களுக்குச் சமைத்துப் பரிமாறும்போது இந்தத் தவறான நம்பிக்கை அவர்களுக்குச் செய்யும் அநீதியாகிவிடும், ஆகவே எண்களோடு சொல்கிறேன். அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, உணவில் கலந்து 15 நிமிடம் கொதித்தபின் ஏறக்குறைய 40 சதவீத ஆல்கஹால் எஞ்சியிருக்கும். அரை மணி நேரத்தில் 35. ஒரு மணி நேரத்தில் 25. இரண்டரை மணி நேரம் கொதித்தபின்னும் 5 சதவீதம். தீ மூட்டி எரியவிடும் முறையில் 75 சதவீதம் அப்படியே தங்கிவிடும். விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த வெப்பநிலையில் பரிமாறுவது?

நுரைக்கும் ஒயின் 6 முதல் 10 டிகிரி, லேசான வெள்ளை 7 முதல் 10, கனமான வெள்ளை 10 முதல் 13, லேசான சிவப்பு 13 அளவில், கனமான சிவப்பு 15 முதல் 18. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் தர வேண்டும் என்ற பேச்சு, குளிர்ந்த கற்சுவர் வீடுகளில் பிறந்தது. 28 டிகிரி அறையில் வைத்த சிவப்பு ஒயினில் ஆல்கஹால்தான் மூக்கைக் குத்தும். குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். மறுபக்கம், மிகையான குளிர் வாசத்தை மூடிவிடும். துவர்ப்பையும் கூட்டிக் காட்டும்.

ஒரே பாட்டில், மேசையில் பலவித உணவு. எதை வாங்குவது?

இனிப்பில்லாத நுரைக்கும் ஒயின், அல்லது சற்றே இனிப்புள்ள ரீஸ்லிங், அல்லது துவர்ப்புக் குறைந்த சிவப்பு. மூன்றுக்கும் பொதுவானது நல்ல புளிப்பு. ஓக் வாசமும் மிகையான ஆல்கஹாலும் இல்லாமை. மிக விலையுயர்ந்த, சிக்கலான ஒயின் கைவசம் இருந்தால் இந்த நாளில் திறக்காதீர்கள். அதை எளிமையான, காரமில்லாத ஓர் உணவோடு நிதானமாக அருந்துங்கள்.

வினிகர் ஊற்றிய சாலடோடு ஒயின் கூடாதா?

வினிகரைக் குறைத்து எலுமிச்சையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒயினின் புளிப்பு சாலடின் புளிப்புக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

மது அருந்தாதவர்களுக்கு இதெல்லாம் பயன்படுமா?

பயன்படும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியது. கருவுற்றிருப்பவர்கள் முற்றிலும் தவிர்க்க வேண்டும். மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். குடிப்பவர்களும் கோப்பையைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். சுவைக்க 75 மில்லிலிட்டர் தாராளம்.

நாக்கின் கணக்கு ஆல்கஹாலைச் சார்ந்ததே இல்லை. துவர்ப்பான கறுப்புத் தேநீர் கொழுப்புள்ள உணவோடு செய்வதும், சிவப்பு ஒயின் செய்வதும் ஒரே வேலைதான். மாதுளைச் சாறு, தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சா, திராட்சைச் சாற்றில் கலந்த சோடா, எதை வைத்தும் மேலே சொன்ன எலுமிச்சை, உப்பு, சர்க்கரைச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

பாட்டில் மிஞ்சிவிட்டால்?

மூடியை இறுக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள், சிவப்பானாலும். மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை தாங்கும்; நுரைக்கும் ஒயின் ஒன்றிரண்டு நாள்தான். அடுத்த நாள் அதே ஒயினை வேறோர் உணவோடு சுவைத்துப் பாருங்கள். நேற்று மீனோடு சப்பென்று இருந்தது, இன்று உப்பிட்ட வெண்ணெய் தடவிய ரொட்டியோடு எழுந்து நிற்கலாம்.